மஞ்சள் காருக்கு விண்டர் டயர்

பெங்களூர் லிங்கராஜபுரம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அஸ்கர் டயர்ஸில் ஐரின் வேலைக்குச் சேர்ந்தது பில் போடுவதற்குத்தான். பி.யு.சி. முடித்திருந்தாள். கையெழுத்து மணி மணியாக இருக்கும். தமிழ், கன்னடம், தக்கினி உருது மூன்றையும் ஆளுக்குத் தகுந்தபடி மாற்றி மாற்றிப் பேசுவாள். கடை முதலாளி அஸ்கர் பாய்க்கு அது போதுமாயிருந்தது. ஆனால் எதையும் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டாள் என்பது சேர்ந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

ஒரு டயர் ஓரத்தில் மட்டும் தேய்ந்திருந்தால், ஏன் நடுவில் தேயவில்லை என்று கேட்பாள். பக்கவாட்டில் புடைத்துப்போன டயரைக் கண்டால் அதை அறுத்து உள்ளே காட்டச் சொல்வாள். டயர் மாட்டும் டெரிக், "ஐரிக்கா, டயர் ரவுண்டா இருக்கு, கறுப்பா இருக்கு. அதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?" என்று தலையில் அடித்துக்கொண்டே அறுத்துக் காட்டுவான். சின்ன வயதிலேயே அவள் அப்படித்தான். அப்பா ஸ்கூல் வேன் ஓட்டினார். பஞ்சர் ஒட்ட வண்டியை நிறுத்தினால், மற்றப் பிள்ளைகள் ஐஸ் வாங்க ஓடும். இவள் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் குந்திக்கொண்டு, டியூபில் ஓட்டை இருக்கிற இடத்திலிருந்து குமிழ் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது. பில்லைக் கம்ப்யூட்டர் போட்டுக்கொள்கிறது. எந்த வண்டிக்கு எந்த டயர் என்று சொல்வதுதான் ஐரினின் வேலை. அஸ்கர் பாய் நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்திருப்பார். வருகிறவர்கள் அவருக்கு ஒரு சலாம் போட்டுவிட்டு நேரே ஐரினிடம் போவார்கள்.

ஒரு அக்டோபர் மாதத்து மத்தியானம், கடை வாசலில் மஞ்சள் நிறத்தில் ஒரு கார் வந்து நின்றது. இரண்டே கதவு, தரையோடு தரையாய்த் தாழ்ந்த உடம்பு, அகலமான பின் சக்கரங்கள். அதிலிருந்து ஒரு பெண் குனிந்து, நெளிந்து, ஒருவழியாய் வெளியே வந்தாள். முப்பது வயதைத் தாண்டியிருப்பாள்.

"அக்கா, இந்த வண்டிக்கு விண்டர் டயர் கிடைக்குமா?"

ஐரின் முதலில் வெளியே அடிக்கிற வெயிலைப் பார்த்தாள். அப்புறம் காரைப் பார்த்தாள்.

"பெங்களூர் விண்டருக்கா மேடம்?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "இல்லக்கா. மணாலிக்கு."

பெயர் பிரபா. சொந்த ஊர் கரூர். அப்பாவுக்கு அங்கே போர்வை வியாபாரம். இவள் பெங்களூரில் ஒரு கம்பெனிக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறாள். எங்கே இருந்து வேண்டுமானாலும் வேலை செய்யலாம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. அதனால் மணாலிக்குக் கொஞ்சம் கீழே ஒரு ஆப்பிள் தோட்டத்து வீட்டில் குளிர்காலம் முழுக்க இருக்கப் போகிறாள். பனி விழுவதிலிருந்து கடைசிப் பனி உருகுவது வரை ஒரு தடவை கூடவே இருந்து பார்க்க வேண்டும் என்று ஆசை.

"காரை இங்கயே விட்டுட்டுப் போலாமே?" என்றாள் ஐரின்.

"அத்தனை மாசம் பேஸ்மென்ட்ல தூசி புடிச்சு நிக்கட்டும்னா? என்னால முடியாதுக்கா. அஞ்சு வருஷம் இதுக்காகவே சேத்து வச்சு வாங்கினேன்."

அஸ்கர் பாய் பேப்பரை இறக்கினார். "அரே பேட்டி, மலைக்குப் போறதுன்னா ஜீப் எடுத்துட்டுப் போமா. இது சேத்துல ஹை ஹீல்ஸ் போட்டு நடக்கற மாதிரி."

பிரபாவின் முகம் சுருங்கியது. இதற்கு முன்னால் போன கடைகளிலும் இதே பேச்சைத்தான் கேட்டிருப்பாள் போலிருக்கிறது. ஐரின் அதைக் கவனித்தாள். அவளுக்கோ இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்ட சந்தோஷம்.

"எனக்கு விண்டர் டயரைப் பத்தி ஒண்ணும் தெரியாது மேடம்," என்றாள். "தெரிஞ்சுக்கிட்டுச் சொல்றேன். நம்பரைக் குடுத்துட்டுப் போங்க."

அன்று மாலையே நெட்டில் தேடத் தொடங்கிவிட்டாள். விண்டர் டயர் என்றால் ஜீப் டயர் மாதிரி பெரிய பெரிய கட்டையும் ஆழமான பள்ளமுமாய் இருக்கும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். படங்களைப் பார்த்தால் சாதாரண டயர் போலத்தான் இருந்தது. விஷயம் ரப்பரில் இருக்கிறது என்று போட்டிருந்தார்கள். சாதாரண டயரின் ரப்பர் ஏழு டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கிவிடும். விண்டர் டயர் எவ்வளவு குளிரிலும் மெத்தென்றே இருக்கும். பக்கவாட்டில் மூன்று முகடு உள்ள ஒரு மலையும், அதற்குள் ஒரு பனிப்பூவும் அச்சிட்டிருந்தால் அதுதான் அசல்.

படித்தால் மட்டும் ஐரினுக்கு ஆகாது, தொட்டுப் பார்க்க வேண்டும். காஷ்மீர்ப் பக்கம் சப்ளை செய்கிற டெல்லி டீலர் ஒருவரைப் பிடித்து, சின்னக் கார் டயர் ஒன்றை மாதிரிக்கு வரவழைத்தாள். பார்சல் வந்ததும் கடையில் எல்லோரும் சுற்றி நின்று அமுக்கிப் பார்த்தார்கள். டயரின் ஒவ்வொரு கட்டையிலும் பிளேடால் இழுத்ததுபோல மெல்லிய கீறல்கள், அலை அலையாக.

"யாரோ கோவத்துல கீறி வச்சிருக்காங்க," என்றான் டெரிக்.

அந்தக் கீறல் எதற்கு? ஐரின் கட்டை விரலால் அழுத்தினாள். பக்கத்தில் ஒரு சாதாரண டயரையும் வைத்து அழுத்தினாள். இதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தெரியாதுதான், பெங்களூர் மத்தியானத்தில் எப்படித் தெரியும்? குளிர் வேண்டும். குளிருக்கு எங்கே போவது என்று யோசித்தவளுக்குச் சட்டென்று தன் வீட்டுக்காரரின் ஞாபகம் வந்தது.

அவள் கணவர் ஓஸ்வால்டுக்கு, மீன் வைக்கிற ஒரு குளிர்கிடங்கில் மெஷின் பார்க்கும் வேலை. உள்ளே எப்போதும் மைனஸ் இருபது. அன்று சாயங்காலம் அவர் டிபன் கேரியரோடு வீட்டுக்குள் நுழைந்ததும் ஐரின் விஷயத்தைச் சொன்னாள்.

"ரெண்டு டயரை உள்ள வச்சு ஒரு நாள் விட்டுருங்க. அவ்ளோதான்."

"மீனுக்குள்ள டயரா? மேனேஜர் என்னைத்தான் வெட்டிப் பீஸ் போடுவாரு."

"காலி ரேக்கு ஒண்ணு மூலையில கெடக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஓஸ்வால்ட் அதிகம் பேசாத மனிதர். மறுநாள் ஸ்கூட்டரில் ஒரு டயரை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் கட்டிக்கொண்டு போனார். அதற்கடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் ஐரின் ஆட்டோ பிடித்துக் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தாள். தொப்பி வைத்த ஒரு பெரிய குளிர்கோட்டு எடுத்து அவளுக்கு மாட்டிவிட்டு, கனமான கதவை இழுத்துத் திறந்தார் ஓஸ்வால்ட்.

உள்ளே மூச்சு விட்டால் புகை. அடுக்கடுக்காய்ப் பெட்டிகளில் வஞ்சிரமும் இறாலும். மூலை ரேக்கில் அவளுடைய இரண்டு டயர்கள். சாதாரண டயரை விரல் முட்டியால் தட்டினாள். டொக் என்றது, மரத்தைத் தட்டினது போல. கட்டை விரலை ஊன்றி அழுத்தினாள், விரல்தான் வலித்தது. விண்டர் டயரை அழுத்தினாள். விரல் உள்ளே போனது. ஒரு கட்டையைப் பக்கவாட்டில் தள்ளினாள். அது சாய்ந்து கொடுக்க, அந்தக் கீறல்கள் ஒவ்வொன்றும் மீனின் செவுள் மாதிரி வாயைத் திறந்தன.

"ஏங்க, இங்க பாருங்க! தொறக்குது! ஒவ்வொண்ணும் தனித்தனியா ஓரம் காட்டுது. தரையைக் கவ்வறதுக்குத்தான் இவ்ளோ ஓரம்!"

திரும்பத் திரும்பத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பல் கிட்டிக்கத் தொடங்கியது. "சாக்கு, சாக்கு, போதும், வெளிய வா," என்று ஓஸ்வால்ட் கன்னடமும் தமிழுமாய்ச் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தன் வேலை நடக்கிற இடத்தை அவள் இவ்வளவு ஆசையாகப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று பின்னால் ஒரு நாள் சொன்னார்.

அந்த டயரைக் காட்டத்தான் பிரபாவைக் கடைக்கு வரச் சொன்னாள். பிரபா அழுத்திப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள். "அக்கா, எல்லா விண்டர் டயரும் மீன் வாசம் அடிக்குமா?"

ஐரின் கதையைச் சொன்னதும் பிரபா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து இருவருக்கும் நடுவில் மேடம் போய்விட்டது. "பிரபா, வாங்க" என்றுதான் கூப்பிட்டாள் ஐரின்.

ஆனால் சிக்கல் அப்போதுதான் ஆரம்பித்தது. அந்த மஞ்சள் காரின் ரிம் பதினெட்டு அங்குலம். முன்னால் ஒரு அகலம், பின்னால் அதைவிட அகலம். அந்த அளவில் நாட்டில் யாரிடமும் விண்டர் டயர் இல்லை. டெல்லிக்காரர் எங்கேயோ துழாவி, பின் சக்கரத்துக்கு மட்டும் இரண்டு கிடைக்கும் என்றார்.

"பின்னாடி ரெண்டு போதாதாக்கா?" என்றாள் பிரபா. "வண்டியை இழுக்கறது பின் சக்கரம்தானே?"

ஐரினும் முதலில் அப்படித்தான் நினைத்தாள். போதும் என்று சொல்லலாமென்று வாயைத் திறந்தவள் நிறுத்திக்கொண்டாள். மனசுக்குள் அந்தக் காரை ஒரு பனி ரோட்டில் ஓட்டிப் பார்த்தாள். கிளம்பும், சரி. வளைவு வருகிறது, ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும். எதிரே ஒரு மாடு வருகிறது, பிரேக் அடிக்க வேண்டும்.

"இழுக்கறது பின்னாடி. ஆனா திரும்பறது முன்னாடி. நிக்கறதுக்கு நாலும் வேணும்," என்றாள். "ரெண்டு போட்டா, கெளம்பற தைரியம் மட்டும்தான் வரும்."

அப்படியானால் வேறு வழி பார்க்க வேண்டும். பனியில் அகல டயரைவிட ஒடுங்கின டயர் நல்லது என்று படித்திருந்தாள். அகலமானது பனி மேல் மிதக்கும். ஒடுங்கினது அமிழ்ந்து தரையைத் தொடும். பதினேழு அங்குல ரிம் போட்டால், எத்தனையோ குடும்பக் கார்களுக்கு வருகிற அளவிலேயே டயர் கிடைக்கும். ஆனால் ரிம் சின்னதானால் உள்ளே இருக்கிற பிரேக்கில் இடிக்காதா? வேகக் கார் என்பதால் அதன் பிரேக்கும் தடித்தடியாய் இருந்தது.

சிவாஜிநகர் பழைய சாமான் கடைகளில் தேடி, டெரிக் ஒரு பதினேழு அங்குல ரிம்மைக் கொண்டுவந்தான். மாட்டினார்கள். சுற்றினால் லேசாய் ஒரு உரசல். வேறொன்று கொண்டுவந்தான். இதில் உரசல் இல்லை, ஆனால் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று எட்டிப் பார்த்தால் தெரியவில்லை. ஐரின் தன் டிபன் டப்பாவைத் திறந்து ஒரு சப்பாத்தியை எடுத்தாள், வேண்டாமென்று வைத்துவிட்டு, எதிர் ஹோட்டலுக்குப் போய் ஒரு உருண்டை பரோட்டா மாவு வாங்கிக்கொண்டு வந்தாள். மாவைப் பிரேக்கின் மேல் அப்பி, ரிம்மை மாட்டி, ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றினார்கள். மாவு நசுங்கி, ஒரு தடித்த தோசை அளவுக்கு நின்றிருந்தது.

"இவ்ளோ கேப் இருக்கு," என்று அந்த மாவைக் கையில் எடுத்துக் காட்டினாள்.

அஸ்கர் பாய் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கிட்டே வந்து பார்த்தார். "நான் நாப்பது வருஷமா டயர் விக்கிறேன்," என்றார். "என் கடையில பரோட்டா போடுவாங்கன்னு நினைக்கல." ஆனால் கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டு, அன்று பூராவும் அவர்கள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

ரிம் முடிவானது. நான்கு டயரும் வந்தன. அடுத்த கேள்வி, இவற்றை எங்கே மாட்டுவது? விண்டர் டயரைப் பெங்களூரிலேயே மாட்டி ஓட்டினால், ஆந்திராவையும் நாக்பூரையும் தாண்டுவதற்குள் வெயில் ரோட்டில் ரப்பர் அழிரப்பர் மாதிரி தேய்ந்துவிடும். காரிலோ நான்கு சக்கரம் வைக்க இடமே கிடையாது. ஒரு பையும் ஒரு லேப்டாப்பும் வைத்தாலே நிறைந்துவிடும். சக்கரங்களை லாரியில் முன்னாலேயே அனுப்பிவிட வேண்டியதுதான். எந்த ஊருக்கு?

வழியில் குளிர் எங்கே ஆரம்பிக்கிறது என்று ஐரினுக்குத் தெரிய வேண்டியிருந்தது. சண்டிகரிலிருந்து மேலே ஒவ்வொரு ஊராக டயர் கடைகளின் நம்பரைத் தேடிப் போன் போட்டாள். தக்கினி கலந்த அவளுடைய இந்தியைக் கேட்டு எதிர்முனையில் திகைத்தார்கள். "பையா, டயர் விலை கேக்கல. உங்க ஊர்ல காலையில எவ்ளோ குளிரும்? வாய்ல புகை வருமா?" என்று கேட்டாள். ஒருவர் போனை வைத்துவிட்டார். மண்டி என்கிற ஊரில் ஒரு கடைக்காரர் மட்டும் ஓவென்று சிரித்துவிட்டு, பொறுமையாகப் பதில் சொன்னார். அங்கே டிசம்பர் காலையில் ஏழு டிகிரிக்குக் கீழேதான், மத்தியானம் வெயில் வரும், பனி விழாது, ஆனால் மண்டியைத் தாண்டினால் மலை ஏற ஏறக் குளிர்தான். சக்கரங்களை மண்டிக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று.

லாரி ஆபீசில் சக்கரங்களைச் சாக்கில் சுற்றி ஏற்றிவிட்டு வந்த அன்று, ஐரினுக்கு என்னவோ போலிருந்தது. கடையில் உட்கார்ந்திருந்தாள், வேலை ஓடவில்லை. பனியில் அந்த டயர் என்ன செய்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாதே என்ற ஏக்கம். பிரபாதான் வழி சொன்னாள்.

"அக்கா, மலை ஏறும்போது கூட யாராவது இருந்தா நல்லாருக்கும். எனக்குத் தனியா கொஞ்சம் பயம்தான். நீங்க சண்டிகருக்கு ப்ளைட்ல வந்துருங்க, நான் அங்க வந்து கூட்டிக்கறேன். டிக்கெட் என்னோடது."

அஸ்கர் பாய், "போய்ப் பாத்துட்டு வாம்மா. உனக்கு ராத்திரி தூக்கம் வராது, எனக்குப் பகல்ல நிம்மதி இருக்காது," என்றார். ஓஸ்வால்ட்தான் யோசித்தார்.

"நான் தெனமும் மைனஸ் இருபதுல நிக்கறேன். குளிர்ல என்ன இருக்குன்னு அவ்ளோ தூரம் போறே?"

"உங்க குளிருக்கு மேல ரோடு போட்டு யாரும் வண்டி ஓட்டறதில்லையே!"

அவர் சிரித்துவிட்டார். மறுநாள் தன்னுடைய தொப்பிக் கோட்டைத் துவைத்துக் கொடுத்தார்.

டிசம்பர் நடுவில் ஐரின் முதல் தடவையாக விமானம் ஏறினாள். சண்டிகரில் பிரபா காத்திருந்தாள். நாலைந்து நாள் தனியே ஓட்டி வந்ததில் முகம் கறுத்திருந்தது, ஆனால் வாய் ஓயவில்லை. மறுநாள் காலை மண்டியில், ஆற்றங்கரையை ஒட்டின அந்தக் கடைக்கு முன்னால் மஞ்சள் கார் நின்றபோது, கடைக்காரர் வெளியே வந்து ஐரினின் குரலைக் கேட்டவுடனே, "வாய்ல புகை வருமான்னு கேட்டது நீங்களா!" என்றார்.

எல்லோர் வாயிலும் புகை வந்துகொண்டுதான் இருந்தது. டயரின் பக்கவாட்டில் சுழலும் திசைக்கு ஒரு அம்புக்குறி இருக்கும். நான்கிலும் அது முன்னோக்கிப் பார்க்கிறதா என்று குனிந்து பார்த்தாள் ஐரின். கடைக்காரர் நான்கு சக்கரங்களையும் சரியாகத்தான் மாட்டியிருந்தார். அவளுக்குத் தெரியாத ஒன்றும் அவரிடம் கிடைத்தது. மேலே வண்டியை நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போடக் கூடாது, ராத்திரியில் அது அப்படியே உறைந்து பிடித்துக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல்லை வைக்க வேண்டும். கழற்றின பழைய சக்கரங்களைத் தன் கடையிலேயே பத்திரமாக வைத்திருப்பதாகவும் சொன்னார்.

மணாலியை நெருங்கும்போது ரோட்டோரத்தில் சாம்பலும் மண்ணும் கலந்த அழுக்குக் குவியல்கள் தெரிந்தன. "இதுவா பனி?" என்றாள் ஐரின். ஏதோ கட்டட வேலைக்குக் கொட்டின உப்பு மாதிரி இருந்தது. அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அடுத்த நாள் காலையில் பிரபா அவளை உலுக்கி எழுப்பினாள். ஜன்னலுக்கு வெளியே ஆப்பிள் மரங்கள், வேலி, கூரை, எல்லாவற்றின் மேலும் வெள்ளை. இன்னும் விழுந்துகொண்டிருந்தது, சத்தமே இல்லாமல். மழையென்றால் ஓசை இருக்கும். இது இவ்வளவு விழுகிறது, ஓசையைக் காணோமே என்று ஐரின் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய் நின்றாள். கோட்டின் கைமேல் விழுந்த ஒரு துளியைக் கண்ணுக்கு அருகில் கொண்டுவந்து பார்த்தாள். ஆறு இதழ். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருந்த அதே பூ. ஏதோ கம்பெனிக்காரன் அழகுக்காக வரைந்தது என்றல்லவா நினைத்திருந்தாள்!

பனி நின்றதும் ஊர்க்கோடியில் ஒரு காலி மைதானத்துக்குக் காரை எடுத்துப் போனார்கள். பிரபா மெதுவாக ஓட்டி, பிரேக் அடித்தாள். கார் நின்றது. இன்னும் கொஞ்சம் வேகமாக ஓட்டி அடித்தாள். லேசாய் வழுக்கி, பிடித்து, நின்றது. இரண்டு பெண்களும் கத்தின கத்தலில் ஒரு நாய் எழுந்து ஓடியது.

ஐரின் இறங்கி மண்டி போட்டு டயரைப் பார்த்தாள். பள்ளங்களில் எல்லாம் பனி அப்பிக்கொண்டு அடைத்திருந்தது. ஐயோ என்றிருந்தது அவளுக்கு. சேறு அடைத்த டயர் வழுக்கும் என்பது கடையில் எல்லோருக்கும் தெரியும். ஒரு குச்சியை எடுத்துப் பள்ளம் பள்ளமாய் நோண்டத் தொடங்கினாள். அந்தப் பக்கம் ஜீப்பில் வந்த உள்ளூர்க்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு இந்தியில் கேட்டார்.

"அக்கா, அதை ஏன் எடுக்கறீங்க? அதுதான் பிடிக்குது."

"எது?"

"பனியைப் பனிதான் பிடிக்கும். டயர்ல இருக்கறது ரோட்ல இருக்கறதோட ஒட்டிக்கும்."

ஐரின் நம்பவில்லை. இரண்டு கையிலும் பனியை அள்ளி உருட்டினாள். ஒரு உருண்டையைக் காரின் ரப்பர் விரிப்பின் மேல் தேய்த்தாள், வழுக்கிக்கொண்டு ஓடியது. இரண்டு உருண்டையையும் ஒன்றோடொன்று தேய்த்தாள்; நகரவே இல்லை, ஒட்டிக்கொண்டு ஒரே உருண்டையாகிவிட்டது. கை மரத்துப்போகிற வரைக்கும் அதையே செய்துகொண்டிருந்தாள். சேறு வேறு, பனி வேறு. சேற்றுக்கு டயர் துப்ப வேண்டும். பனிக்கு டயர் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு நாள் படித்ததில் இதுமட்டும் கண்ணில் படாமல் போனது எப்படி என்று அவளுக்கு ஆச்சரியம்.

அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்குத் திரும்பும்போதுதான் அது நடந்தது. மலையின் நிழல் விழுகிற ஒரு வளைவு. பனிகூட அங்கே இல்லை. ஈரத் தார்போல் கறுப்பாய்ப் பளபளத்தது ரோடு. பிரபா நிதானமாகத்தான் திருப்பினாள். கார் திரும்பவில்லை. பிரேக்கில் கால் வைத்தாள். கார் நிற்கவில்லை. எந்தச் சத்தமும் இல்லாமல், படகு மாதிரி, பின்பக்கம் முன்னால் வர, பக்கவாட்டில் நழுவிக்கொண்டே போனது. அந்தப் பக்கம் பள்ளம். "யேசுவே" என்று ஐரின் கதவுப் பிடியை இறுக்கினாள். கார் பள்ளத்துக்கு முன்னால் இருந்த பனிக்கரையில் மெத்தென்று போய்ப் புதைந்து நின்றது.

பிரபாவின் கைகள் ஸ்டீயரிங்கை விடவில்லை.

"அக்கா, டயர் புதுசுதானே?" என்றாள்.

ஐரின் மனசுக்குள் ஒவ்வொன்றாய்ப் பார்த்தாள். பிரேக், ரிம், அம்புக்குறி, எதில் தப்பு செய்தோம்? பார்த்துவிடலாம் என்று கதவைத் திறந்து ஒரு கால் வைத்தவள், அந்தக் காலோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எழுந்தாள், மறுபடி விழுந்தாள். கையால் ரோட்டைத் தடவினாள். கண்ணாடி. மேலே ஒரு ஊற்றிலிருந்து கசிகிற தண்ணீர் ரோட்டின் குறுக்கே ஓடி, அந்த நிழலில் உறைந்து கிடந்தது. பனி என்றால் அதில் பிடிக்க ஏதோ இருக்கிறது. இந்தக் கறுப்பு ஐஸில் ஒன்றுமே இல்லை. எந்த டயரும் இங்கே ஓரளவுக்கு மேல் செய்யாது.

அவள் விழுந்து விழுந்து எழுந்ததைப் பார்த்துப் பிரபாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. தோட்டத்து ஆட்கள் நாலைந்து பேர் வந்து, சாம்பலைக் கொட்டி, "ஹோ ஹோ" என்று காரைத் தள்ளி ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பம்பரில் ஒரு கீறல், அவ்வளவுதான்.

அன்று அடுப்பருகே உட்கார்ந்து டீ குடிக்கும்போது ஐரின் சொன்னாள்: "இதோ பார் பிரபா. அந்த வளைவுல வெயில் வந்து விழற வரைக்கும் நீ வண்டி எடுக்கக் கூடாது. பனி இந்தக் காரோட வயித்தைத் தொடற அளவுக்கு விழுந்தாலும் எடுக்கக் கூடாது. நான் நல்ல டயர்தான் குடுத்திருக்கேன். ஆனா அது எதுக்கு உதவாதுங்கறது இன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது." தன் வாயில் 'நீ' வந்துவிட்டதை அவள் கவனிக்கவில்லை. பிரபா கவனித்தாள்.

ஐரின் ஊர் திரும்பினாள். போர்வைக்குள் உட்கார்ந்து வேலை செய்வதாகவும், கரூரிலிருந்து அப்பா இன்னும் நாலு போர்வை அனுப்பியிருப்பதாகவும் பிரபா படம் அனுப்பினாள். ஜனவரியில் இரண்டு வாரம் கார் பனிக்குள் மூடியே கிடந்ததாம். நல்ல வெயில் நாட்களில் மட்டும் எடுத்து ஓட்டினாளாம். மற்றபடி ஒரு ஆபத்தும் இல்லை. ஸ்கூல் டீச்சர் ஒருவருக்கு அவசரமாய் மருந்து வாங்க ஒரு தடவை அவள் டவுனுக்கு ஓட்டிப் போய் வந்ததிலிருந்து, ஊர்க்காரர்கள் அந்தக் காரைச் சிரிக்காமல் பார்க்க ஆரம்பித்தார்களாம்.

பெங்களூரில் இந்தக் கதை பரவி, ஐரினைத் தேடி நாலைந்து பேர் வந்தார்கள். ஒரு வாரச் சுற்றுலாவுக்குப் பெரிய பெரிய கார்களில் கிளம்புகிறவர்கள். பாதிப் பேருக்கு, "அங்க போய் லோக்கல் டாக்ஸி எடுத்துக்குங்க" என்றுதான் சொன்னாள். அஸ்கர் பாய் பேப்பருக்குப் பின்னாலிருந்து பெருமூச்சு விடுவார்.

ஏப்ரலில் மஞ்சள் கார் மறுபடியும் கடை வாசலுக்கு வந்தது. மண்டியில் பழைய சக்கரங்களை மாட்டிக்கொண்டு, விண்டர் சக்கரங்களை லாரியில் போட்டிருந்தாள் பிரபா. அவையும் மறுநாள் வந்து சேர்ந்தன. அடுத்த குளிருக்கு உதவுமா என்று பார்க்க, ஐரின் நான்கையும் வரிசையாகச் சுவரில் சாய்த்து வைத்துக் கையால் தடவிக்கொண்டே போனாள். 'இடது பின்' என்று மண்டிக் கடைக்காரர் சாக்பீஸால் குறித்திருந்த ஒன்றில் கை நின்றது.

"பிரபா, இடது பின் சக்கரம் வெளி ஓரம் மட்டும் கூடுதலா தேஞ்சிருக்கே. ஏன்?"

"எனக்கெப்படிக்கா தெரியும்?"

"வழக்கமா எந்த வழியா ஏறுவே? வலது பக்கம் திரும்பினா பாரம் இந்த ஓரத்துலதான் விழும். அந்த மாதிரி ஏத்தம் எத்தனை இருக்கு?"

பிரபா கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். தோட்டத்து வாசல், பாலம், கோயில், அப்புறம் அந்த நீள வளைவு. ஒவ்வொன்றாய்ச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஐரின் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளெதிரே உட்கார்ந்துகொண்டு, "ஹௌதா, அப்படியா? மெதுவா சொல்லு," என்றாள்.